கேட்காத நிபந்தனை

யுகேந்திரனின் பெயருக்கு எதிரே சுவரில் முதலில் சிவப்பு வந்தது. பிறகு எண் வந்தது. கடைசியில், பின்வரிசையில் இருப்பவர்களும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அந்தச் சொல் வந்தது: பொறாமை.

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். யுகேந்திரன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தான். பொட்டளவுதான் இருக்கும். வாயைத் திறந்து "மறுக்கிறேன்" என்று ஒரே ஒரு சொல்தான் சொல்லியிருந்தான். அதற்குள் அது உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஊருக்குச் சொல்லிவிட்டது.

அது மாவட்ட ஈரநிலக் காப்புக் குழுவின் பொது அமர்வு. குளம், சதுப்பு, கழி என்று எதன் ஓரத்தில் கட்டடம் கட்டுவதானாலும் அந்தக் குழுவின் ஐந்து பேர் முன்னால் வந்து நின்றாக வேண்டும். அன்றைக்கு வந்திருந்தது ஓர் அறக்கட்டளை கட்டவிருந்த புற்றுநோய் மருத்துவமனை. சாம்பக்குளம் நிரம்பினால் கலிங்கின் மேல் வழிந்து கீழே இருக்கும் கோரைக்காட்டில் பரவி நிற்கும். அந்தக் கோரைக்காட்டின் மேலே, தூண்களின் மீது, தண்ணீரைத் தொடாமல் நிற்கும் மருத்துவமனை. வரைபடத்தில் அது ஒரு கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பதைப் போல அழகாக இருந்தது. அதை வரைந்தவன் கவின்ராஜ். யுகேந்திரனின் சகலை. மனைவியின் தங்கை நிவியைக் கட்டியவன்.

கவின்ராஜ் முதல் வரிசையில் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருவருக்கும் மாமனாரான பழனியப்பன். சுவரில் வந்த சொல்லை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மற்ற நால்வரில் இருவர் ஆம், இருவர் இல்லை. தலைவர் தாஹிரா பேகம் அமர்வை ஒத்திவைத்தார். எல்லோரும் எழுந்தபோது தறிக்காலனியிலிருந்து வந்திருந்த கோமதி என்ற பெண் மட்டும் பொதுமக்கள் வரிசையில் நின்றபடி கேட்டாள்:

"ஏனுங்க, அங்க கட்டடம் வந்தா தண்ணி எங்க போகுமுங்க?"

"கணினியில ஓட்டிப் பாத்தாச்சும்மா. தூணுக்கு நடுவுல போயிரும்" என்றார் தாஹிரா.

யுகேந்திரன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் அவன் சொல்ல வந்திருந்தான்.

*

"என் காரணத்தை நீங்க மட்டுமாச்சும் கேளுங்க மேடம்" என்றான், தாஹிராவின் அறையில்.

"கேக்க மாட்டேன். கேட்டா நானும் சாய்ஞ்சிருவேன்." அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. கதவைத் திறந்தே வைத்திருந்தார். "உக்காருங்க யுகேந்திரன். காதுக்குப் பின்னால ஒட்டற இந்தச் சாய்வுமானி எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். முன்னெல்லாம் சொந்தக்காரங்க திட்டம் வந்தா உறுப்பினர் விலகிக்கணும். நம்ம ஊர்ல யாரைப் போட்டாலும் அவங்க யாருக்காவது மாமன், மச்சான், பங்காளி. கூட்டம் நடத்த ஆளே மிஞ்சல. அப்பத்தான் அரசாங்கம் சொல்லுச்சு, விலக வேண்டாம், மனசை அளந்துக்கலாம்னு. எல்லைக்குள்ள இருந்தா வாக்கு செல்லும். தாண்டினா வாக்கும் செல்லாது, காரணமும் கூடத்துக்கு வராது."

"காரணம் என்னங்க பண்ணுச்சு? நான் பொறாமக்காரனாவே இருக்கட்டும். நான் சொல்றது நெசமா இருந்தா?"

"பொறாமையில சொல்ற நெசம்தான் ரொம்ப நல்லாப் பேசும். கேக்கறவங்க மயங்கிருவாங்க. அதுக்குத்தான் அந்த விதி."

"வெளியில சொன்னா?"

"சாய்வு பரப்பினீங்கன்னு பதவி போகும். நீங்க சொன்ன காரணத்தை அப்பறம் எந்த உறுப்பினரும் எடுத்துப் பேச முடியாது. அதோட அது செத்துரும்." தாஹிரா குரலைத் தணித்தார். "அடுத்த அமர்வுல உங்களை மறுபடி அளப்பாங்க. அதுக்குள்ள மனசைச் சரி பண்ணிட்டு வாங்க. அப்பவும் சிவப்புன்னா தலைவர் வாக்கு ரெண்டாக் கணக்காகும். நான் ஆம்னு போட்டிருக்கேன்."

யுகேந்திரன் நீரியல் பொறியாளன். இருபது வருடமாக அந்தப் பக்கத்துக் குளங்களை அளந்தவன். அவனுடைய மறுப்பு எளிமையானது. கணினியில் ஓட்டிய தண்ணீர் சுத்தமான தண்ணீர். சாம்பக்குளத்துத் தண்ணீர் அப்படி வராது. பெருவெள்ளத்தில் குளத்தின் மேல் படர்ந்திருக்கும் ஆகாயத்தாமரை முழுதும் பிய்ந்து, பாய் பாயாகக் கலிங்கைத் தாண்டி வரும். இன்று அது கோரைக்காட்டில் சிதறிப் போகிறது. நாளை தூண்களில் சிக்கும். ஒரு பாய் சிக்கினால் அடுத்தது அதன் மேல் சிக்கும். மருத்துவமனைக்குக் கீழே ஒரு பச்சை அணை எழும்பும். அணை எழும்பினால் தண்ணீர் வடக்கே திரும்பும். வடக்கே இருப்பது தறிக்காலனி.

இதை மற்ற நால்வரும் கவனிக்கவில்லை. அவன் மட்டும் எப்படிக் கவனித்தான் என்று அவனுக்கே தெரியும். கவின்ராஜின் வரைபடத்தை அவன் ஒரு வாரம் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எங்காவது ஒரு ஓட்டை இருக்காதா என்று வெறியோடு தேடியிருந்தான்.

*

"நிவி போன் பண்ணி அழுகறா" என்றாள் நிரஞ்சனா. அவன் செருப்பைக் கழற்றவில்லை இன்னும். "ஊரே பாத்துச்சாமா."

"அவன் திட்டத்துல தப்பு இருக்குது நிரு."

"இருக்கட்டும். பொறாமையும் இருக்குதா, இல்லையா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "இருக்குது."

"எப்பருந்து?"

"அவிய ரெண்டு பேரு கல்யாணத்துல இருந்து."

நிரஞ்சனாவின் முகம் மாறியது. ஏதோ கேட்க வந்து தயங்கினாள். அவள் நினைத்தது அவனுக்குப் புரிந்தது. "சேச்சே. நிவிக்காக இல்ல. உங்கப்பாவுக்காக."

சொன்ன பிறகு அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது. ஆனால் உண்மை அதுதான். யுகேந்திரனுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. நிரஞ்சனாவைக் கட்டிக்கொண்டு வந்த வீட்டில்தான் முதன்முதலாக ஒரு ஆண்பிள்ளை அவனிடம், "சாப்பிட்டயா?" என்று கேட்டார். பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தவர் பழனியப்பன். பட்டறையை மூடிவிட்டு மாலையில் மருமகனோடு குளக்கரையில் நடப்பார். எட்டு வருடம் அவன் அந்த வீட்டில் ஒரே மருமகன். "மாப்ள" என்று அவர் கூப்பிட்டால் அது அவன் ஒருவனைத்தான்.

நிவிக்குக் கல்யாணம் ஆன மறுநாளே அவன் "பெரிய மாப்ள" ஆனான். ஒரே ஒரு சொல்தான் கூடியது. கூடிய சொல் எதையோ பிடுங்கிக்கொண்டு போனது. கவின்ராஜின் படம் பத்திரிகையில் வந்தால் அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் காட்டினார். கவின்ராஜ் அவருடைய பிறந்தநாளை மறந்தால், "பாவம், வேலைக்காரப் பையன்" என்றார். யுகேந்திரன் ஒருமுறையும் மறந்ததில்லை. மறக்காதவனை யாரும் கவனிப்பதில்லை.

நிரஞ்சனா சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "எங்கப்பனுக்காகவா? அந்த மனுசனுக்காகவா இத்தன வருசம் வெந்துட்டிருந்தீங்க?" பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவனப் போயிப் பாருங்க. எட்ட நின்னு பாக்கற வரைக்கும் அவன் பெருசாத்தான் தெரிவான்."

*

கவின்ராஜே வந்து கதவைத் திறந்தான். முகத்தில் கோபம் இல்லை. "வாங்கண்ணா" என்றான். காபியையும் அவனே போட்டான். சர்க்கரை போட மறந்துவிட்டான்.

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான் யுகேந்திரன்.

"அத விடுங்கண்ணா. நெசத்தச் சொல்லட்டுமா? எனக்கு அன்னைக்கு ஒரு பக்கம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. நீங்க பாத்துப் பொறாமப்படற அளவுக்கு நானென்ன பண்ணிப்போட்டேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

இந்தப் பேச்சு யுகேந்திரனுக்கு எரிச்சலாக இருந்தது. நல்லவனாக இருப்பதிலும் இவன் முந்திக்கொள்கிறானே என்று தோன்றியது. ஆனாலும் அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். போகப் போக ஆள் சிறியவனானான். கவின்ராஜுக்குப் பல்லி என்றால் பயம். வண்டி ஓட்டும்போது பின்னால் வருகிறவன் ஒலி எழுப்பினால் தானே ஒதுங்கி மன்னிப்புக் கேட்டான். தண்ணீர் மேல் கட்டடம் கட்டுகிறவனுக்கு நீச்சல் தெரியாது.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்கண்ணா. மானம் போயிரும்."

"தோட்டத்துக்கு வா" என்றான் யுகேந்திரன்.

அன்னூர்ப் பக்கம் மாமனாருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அதில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அதில் இறங்கினார்கள். யுகேந்திரன் இரண்டு கைகளையும் நீட்டி, கவின்ராஜின் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொள்வான். அவன் கையையும் காலையும் உதறித் தண்ணீரைக் குடித்துக் கத்துவான்.

"விட்றாதீங்கண்ணா! விட்றாதீங்க!"

"விடலடா. கால நீட்டு."

அந்த உடம்பு முதல் நாள் கட்டைபோல விறைத்துக் கிடந்தது. நாளாக நாளாகக் கைகளில் கனம் குறைந்தது. நம்பிக் கிடக்கும் ஒரு உடம்பைக் கையில் தாங்கிக்கொண்டு அதன் மேல் பொறாமைப்படுவது கடினம் என்று யுகேந்திரனுக்கு அந்தக் கிணற்றில்தான் தெரிந்தது.

ஒரு நாள் படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே கவின்ராஜ் சொன்னான்: "மாமா எப்பப் பாத்தாலும் உங்களத்தாண்ணா சொல்லுவாரு. பெரிய மாப்ள கணக்குப் போட்டா மழையே அவரக் கேட்டுட்டுத்தான் பெய்யும்னு. நான் எத்தன கட்டடம் கட்டினாலும், 'பெரிய மாப்ளகிட்டக் காட்டிட்டயா'ன்னுதான் கேப்பாரு. எனக்கு அப்பிடியே பத்திக்கிட்டு வரும்."

கிணற்றுச் சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யுகேந்திரனின் நெஞ்சுக்குள் வருடக் கணக்காக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தளர்ந்தது.

அந்த இதத்தில்தான் அவன் கேட்டான். கட்டடக்கலைஞனிடம் உறுப்பினர் சந்தேகம் கேட்க விதியில் தடை இல்லை. "ஏன்டா, வெள்ளத்துல ஆகாயத்தாமர வந்து தூணுல அடைச்சுக்கிட்டா?"

கவின்ராஜ் துவட்டுவதை நிறுத்தினான். "ஆமாங்ணா. அத நான் நினைக்கல. கலிங்குக்குக் கீழ குறுக்க ஒரு மிதவை வேலி கட்டி விட்டா அங்கயே நின்னுரும். தண்ணி மட்டும் அடியில போயிரும். போட்டர்றனுங்ணா."

"போட்டுரு" என்றான் யுகேந்திரன்.

அவ்வளவுதான் பேச்சு. இருவரும் மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள்.

*

இரண்டாவது அமர்வில் சுவர் பச்சையாக ஒளிர்ந்தது. எண் பூச்சியத்தை ஒட்டி நின்றது. எந்தச் சொல்லும் வரவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே யுகேந்திரனைப் பார்த்துச் சிரித்தார்.

"மறுப்பு உண்டா?" என்று கேட்டார் தாஹிரா.

"இல்லீங்க."

"நிபந்தனை ஏதாவது?"

யுகேந்திரன் வாயைத் திறந்தான். மிதவை வேலி என்று இரண்டு சொல். சொன்னால் அது தீர்மானத்தில் ஏறும். ஏறினால் கோப்பு தொழில்நுட்பப் பிரிவுக்குத் திரும்பும். ஒரு வருடம் தள்ளிப்போகும். அதைவிட, ஊர் முன்னால் கவின்ராஜின் வேலையில் ஒரு ஓட்டை இருந்ததாக ஆகும். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் எழுதுவார்கள். முதல் வரிசையில் கவின்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்து, இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைக் கெஞ்சல் என்று யுகேந்திரன் எடுத்துக்கொண்டான். போடுகிறேன் என்று வாயால் சொன்ன தம்பியிடம் பத்திரம் எழுதி வாங்குவதா?

"நிபந்தனை இல்லீங்க" என்றான்.

வாக்கு முழு எடையில் சேர்ந்தது. அன்று இரவு மாமனார் வீட்டில் சாப்பாடு. இரண்டு மருமகன்களையும் தன் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டார். யுகேந்திரனுக்கு அவ்வளவு நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கி வருடங்கள் ஆகியிருந்தன.

*

மருத்துவமனை எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கோரைக்காட்டில் முக்குளிப்பான் பறவைகள் முன்பு போலவே குஞ்சு பொரித்தன. இரண்டு மழைக்காலங்கள் அமைதியாகக் கடந்தன.

மூன்றாவது ஐப்பசியில் மேற்கே மலையில் வானம் உடைந்தது. விடிந்தபோது நொய்யல் வாய்க்கால் கரை தெரியவில்லை. யுகேந்திரன் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு சாம்பக்குளத்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கலிங்கின் மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வடக்கே திரும்பிவிட்டிருந்தது. தறிக்காலனியின் ஓடுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

மருத்துவமனை மட்டும் சொட்டு நனையாமல் நின்றது. அதன் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். காலனிச் சனங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் படிகளில் ஏறினார்கள். கழுத்தளவு தண்ணீரில் ஒருவன் நீந்திப் போய்ப் போய் ஆட்களை இழுத்து வந்துகொண்டிருந்தான். ஒரு குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மறுகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தான். கவின்ராஜ். மேல்மாடியில் பத்துப் பதினைந்து கைபேசிகள் அவனைப் படம் பிடித்தன.

"பாத்தீங்களா பெரிய மாப்ள!" மாமனார் எப்படியோ வந்து கரையின் படிக்கட்டில் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "பாத்தீங்களா நம்ம பையன!"

அந்த நீச்சலைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அது வந்தது. வருடக்கணக்காக இல்லாதிருந்த அந்த எரிச்சல், அணைந்துவிட்டது என்று அவன் நம்பியிருந்தது, ஒரே மூச்சில் மறுபடி பற்றிக்கொண்டது. அவனால் கவின்ராஜின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் திருப்பினான். திரும்பிய கண், பழைய பழக்கத்தில், எதிலாவது குறை இருக்கிறதா என்று தேடியது. தூண்களுக்கு நடுவே போய் நின்றது.

தூண்களுக்கு நடுவே தண்ணீர் இல்லை. பச்சையாக ஒரு சுவர் இருந்தது. ஆகாயத்தாமரை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, தரையிலிருந்து கட்டடத்தின் அடிவயிறு வரை, இடுக்கு இல்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் மேல் ஊதாப் பூக்கள் கூட இருந்தன.

கலிங்குக்குக் கீழே குறுக்காக எந்த வேலியும் இல்லை.

நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கோமதியின் கணவர். பாவு நூல் ஏற்றி வைத்திருந்த தறியை விட்டுவிட்டு வர மனமில்லாமல் உள்ளே போனவர். யுகேந்திரன் மருத்துவமனைக்குள் போனபோது, இரண்டாம் தளத்தில் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கோமதி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்கதான மொதல்ல வேண்டாம்னீங்க?"

"ஆமாங்க."

"பொறவு வேணும்னீங்க."

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நடுவுல என்னங்க ஆச்சு?"

அவள் திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

*

தண்ணீர் வடிந்த பிறகு கவின்ராஜைத் தேடிப் போனான். வீட்டு வாசலில் பூச்செண்டுகளும் மாலைகளும் குவிந்து கிடந்தன. உள்ளே அவன் தனியாக இருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"வேலி எங்கடா?"

கவின்ராஜ் இதற்காகவே காத்திருந்தவன் போல நிமிர்ந்தான். "படத்துல போட்டிருந்தனுங்ணா. அறக்கட்டளைக்காரங்க எடுத்துட்டாங்க. முகப்புல இருந்து பாத்தா பார்வைய மறைக்குதுன்னாங்க. சண்ட போட்டேன். குழுத் தீர்மானத்துல நிபந்தனையா இருக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்பறம் என்னன்னுட்டாங்க."

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமே."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு. அடுத்த வருசம் கட்டிரலாம், அடுத்த வருசம் கட்டிரலாம்னு..." கவின்ராஜ் கையை முகத்தில் வைத்துத் தேய்த்தான். "அண்ணா, அந்த ரெண்டாவது கூட்டத்துல நீங்க கேப்பீங்கன்னுதான் நான் உக்காந்திருந்தேன். வேலியோட முழுப் படத்தையும் பையில வச்சிருந்தேன். நீங்க வாயத் தொறந்தீங்க. அப்பாடான்னு நினைச்சேன். நிபந்தனை இல்லைன்னுட்டீங்க."

"நீயே எந்திரிச்சுச் சொல்றதுக்கென்ன?"

"நான் சொன்னா அது என்னோட விருப்பமுங்ணா. காசு போடறவங்க எப்ப வேணா எடுத்துருவாங்க. நீங்க கேட்டாத்தான் அது நிபந்தனை. யாரும் கை வைக்க முடியாது. கேளுங்கண்ணான்னு கண்ணாலயே கெஞ்சினேன்."

கெஞ்சல்தான். அதில் யுகேந்திரன் தவறவில்லை. எதற்காகக் கெஞ்சுகிறான் என்பதில்தான் தவறியிருந்தான்.

அங்கிருந்து நேராகத் தாஹிரா பேகத்தின் வீட்டுக்குப் போனான். அவருடைய பதவிக்காலம் அந்த மாதத்தோடு முடியவிருந்தது. அவனுடையது ஏற்கெனவே முடிந்திருந்தது.

"இந்த நாலு சாவுக்கு நடக்கப்போற விசாரணையில என்னோட முதல் மறுப்பை எடுத்துக்கச் சொல்லுங்க."

"முடியாது யுகேந்திரன். அது சிவப்புல சொன்னது. ரெண்டாவதுதான் செல்லும். முழு எடை."

"ரெண்டாவதுதாங்க பொய். அன்னைக்கு நான் அவன் மேல அத்தன பாசமா இருந்தேன். அந்தக் கருவிக்கு அது தெரியலையா?"

தாஹிரா அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அது எரிச்சலை அளக்கத்தான் செஞ்சது. பாசத்தை அளக்கச் சொல்லி யாரும் மனுப் போடல. தொடக்கத்துல ஒரு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு, அன்பையும் அளந்தா என்னன்னு. அப்படிப் பண்ணினா எந்த ஊர்லயும் குழுவே மிஞ்சாதுன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

*

விசாரணை மருத்துவமனையின் அரங்கிலேயே நடந்தது. கூட்டம் வழிந்தது. விசாரணை அதிகாரி கேள்வி கேட்கும் முன்பே கவின்ராஜ் எழுந்து மேடைக்குப் போனான்.

"பிழை என்னோடது" என்றான். "வேலி வேணும்னு எனக்குத் தெரியும். அது இல்லாமக் கட்டடத்தத் திறக்கச் சம்மதிச்சது நான். யாரும் என்னக் கட்டாயப்படுத்தல. என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன்." கிணற்றைப் பற்றி, கேட்கப்பட்டதைப் பற்றி, கேட்கப்படாததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. யுகேந்திரனின் பெயரைக் கடைசிவரை எடுக்கவில்லை.

பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்து எல்லா வரிசைக்கும் பரவியது. காலனிக்காரர்கள்கூடச் சிலர் தட்டினார்கள். அவர்களைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவன் அவன். பழனியப்பன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா, பெரிய மாப்ள" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றான் யுகேந்திரன்.

குற்றத்தையும் அவனே எடுத்துக்கொண்டுவிட்டான். பாதிக்கு மேல் யுகேந்திரனுடைய குற்றம். அதை வாயில் எடுத்து, நாக்கில் வைத்து, ஊர் முன்னால் ஒப்புக்கொண்டு அழும் உரிமைகூட இப்போது இல்லை. இனி எழுந்து சொன்னால் இரண்டாவதாகச் சொன்னவன் ஆவான். காப்பாற்றியவனும் அவன், தவறியவனும் அவன், மன்னிக்கப்பட்டவனும் அவன். யுகேந்திரனின் காதுமடல்வரை சூடேறியது.

நிரஞ்சனா அவன் மணிக்கட்டில் கை வைத்தாள். "எரியுதா?"

"எரியுது."

"அப்பப் போயிப் பேசுங்க."

"என்னத்தப் பேசறது? எல்லாத்தையும் அவனே பேசிட்டான்."

"எல்லாத்தையுமா?" என்றாள். "நல்லாப் பாருங்க. எரியறப்பத்தான உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அவன் பார்த்தான். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. விசாரணை அதிகாரி கவின்ராஜின் தோளைத் தொட்டு ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அறக்கட்டளைக்காரர்கள் முன்வரிசையில் தலைகுனிந்து, நிம்மதியாக, உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் வழியே வெளியே கார்த்திகை மேகம் மேற்கே மறுபடி கூடிக்கொண்டிருந்தது.

சாய்வுமானி உறுப்பினர்களுக்கும் சாட்சிகளுக்கும்தான். கேள்வி கேட்க வரும் பொதுமக்களை யாரும் அளப்பதில்லை. பொதுமக்கள் வரிசையில் ஒரே ஒருத்தி நின்றிருந்தாள். கோமதி. யுகேந்திரன் போய் அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் விலகி ஒலிவாங்கியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் தறிக்காலனிக்காக ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றான். குரலில் எரிச்சல் அப்படியே இருந்தது. மறைக்க முயலவில்லை. "மழை இன்னும் முடியல. தூணுல இருக்கற பச்சையை யாரு எடுக்கறது? வேலி எப்பக் கட்டறது? அடுத்த மழைக்கு முன்னாலயா, பின்னாலயா? யாரு கையெழுத்துப் போடறது? கைதட்டி முடிச்சிட்டீங்கன்னா இதுக்குப் பதில் சொல்லுங்க. எழுத்துல வேணும்."

அரங்கம் அடங்கியது. யாரோ "பொறாம புடிச்சவன்" என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடையில் கவின்ராஜ் அவனையே இமைக்காமல் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசை மேல் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொல்லுங்கண்ணா" என்றான். "மொதல்ல இருந்து சொல்லுங்க."